ரிவர்ஸில் ஏறிய கார்

“பதினெட்டு,” என்றேன்.

“பதினெட்டா, பத்தொம்பதா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பதினெட்டுதான். சந்தேகமா இருந்தா தலையில இருக்கிற கண்ணாடியக் கண்ணுக்கு இறக்கிப் பாருங்க.”

என் கணவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அசடு வழியச் சிரித்தார். படிக்கிற கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற மனிதர். அதனால் டயரில் காற்றை இறக்கும்போது காற்றழுத்தக் கேஜைப் படித்துச் சொல்வது என் வேலை. எங்கள் பட்டறை வாசலோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மண் பாதை, பிறகு மலை. தாருக்கு முப்பது, மண்ணுக்குப் பதினெட்டு. காற்று குறைந்த டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்கு ஆசைப்பட்டு முடியாமல் போனவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற அவர்களுடைய சாதாரணக் காரை மேடு பள்ளத்துக்குத் தயார் செய்து கொடுப்போம். அடியில் இரும்புத் தகடு, ஆழமான பல் வைத்த டயர், இரண்டு விரல் உயரம் கூடுதல், முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி. “இழுக்கிறது ரெண்டு சக்கரம்தான். பாக்கிய ஓட்டுறவன் மூளை இழுக்கணும்” என்று சொல்லித்தான் அவர் யாருக்கும் சாவியைக் கொடுப்பார்.

அன்று நாலாவது டயரையும் படித்துச் சொன்னேன். மலை உச்சியில் தொலைபேசிக் கோபுரம் கட்டுகிறவர்களின் முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே வண்டிகளைக் கவனித்துக்கொள்வது என் தம்பி.

“முகாம் வேனை ஜாக்கி போட்டு அடியில பாக்கணும். ஒண்ணு மனசுக்குச் சரியாப் படல. வந்து சொல்றேன்,” என்றார்.

வந்து சொல்லவில்லை.

*

“என்ன பாஸ் இது, காரா, கசக்கிப் போட்ட சிகரெட் பெட்டியா?”

காவல் நிலையத்தின் பின்பக்கக் கொட்டகையில், என் கணவரோடு பள்ளத்தில் விழுந்த காரைப் பார்த்து இப்படிக் கேட்டவள் துப்பறிவாளரின் உதவியாளர். ஒல்லியாக, கூர்மையாக இருப்பாள். அவர் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார். கேட்ட பிறகுதான் பக்கத்தில் நான் நிற்பது அவளுக்கு உறைத்தது.

“மன்னிச்சுக்கங்கக்கா. பயந்தா எனக்கு முதல்ல வாய் ஓடும். கால் அப்புறம்தான்.”

“பரவாயில்லம்மா,” என்றேன். இத்தனை நாளில் எனக்கு ஆறுதல் சொல்லாத முதல் ஆள் அவள். அது எனக்கு ஒருவிதத்தில் வசதியாகத்தான் இருந்தது.

துப்பறிவாளர் காரைச் சுற்றி வரவில்லை. பூதக்கண்ணாடி எடுக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சண்டைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோலக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் பல வருடம் விபத்துகளை விசாரித்தவர். அவருடைய காரையும் என் கணவர்தான் உயர்த்திக் கொடுத்தார். என் கணவர் இறந்த பிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து, “பழையபடியே இறக்கிக் குடுத்துடுங்கம்மா” என்றார்கள். வராதவர் இவர் ஒருவர்தான். அதனால்தான் இவரிடம் போனேன்.

“ஆய்வாளரோட அறிக்கைய இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார்.

எனக்கு மனப்பாடம். “உயரம் கூட்டப்பட்ட கார் மலை இறக்கத்தில் வேகமாக வந்து, வளைவில் நிலைதடுமாறிப் பள்ளத்தில் விழுந்தது. காரணம், முறையற்ற மாற்றமும் ஓட்டியவரின் அவசரமும். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடுவாங்க சார். அவர் கை வேலை அவரைக் கொல்லலன்னு யாராவது ஒருத்தர் எழுதணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“இறக்கத்துல வந்தார்னு எப்படித் தெரியுமாம்?”

“கார் முதல் கியர்ல இருந்துதாம். இறக்கத்துக்கு அதுதானே போடுவாங்க. அப்புறம் என் தம்பி பாத்திருக்கான். முகாமுக்கு அன்னைக்கு லீவு, அவன் மட்டும்தான் இருந்தான். ஜெனரேட்டர் சத்தத்துல இவர் வந்ததே தெரியலையாம். எட்டிப் பாத்தப்போ கார் தூரத்துல, மூக்கு கீழ பாத்து, இறங்கிட்டிருந்துதுன்னு சொன்னான்.”

துப்பறிவாளர் தலையாட்டினார். “குண்டூசி, நீ சைக்கிள் ஓட்டியிருக்கியா?”

“விழுந்திருக்கேன் பாஸ். ஓட்டினேன்னு சொன்னா சைக்கிள் கோவிச்சுக்கும்.”

“மழை நாள்ல சேறு உன் மேல எங்க அடிக்கும்?”

“முதுகுல. மட்கார்டு இல்லாத சைக்கிள். வீட்டுக்குப் போய்ச் சட்டையக் கழட்டினா பின்பக்கம் உலகப்படமே இருக்கும்.”

“இந்தக் கார்ல எங்க அடிச்சிருக்குன்னு பாத்துச் சொல்லு. முன்சக்கரத்துல மட்டும் பாரு. இந்தக் காரை இழுக்கிறது அதுதான்.”

அவள் சுற்றி வந்தாள். நானும் போனேன். விழுந்ததற்கு முந்தின இரவு முழுக்க மழை. அடிவாரம் வரைக்கும் மணல், ஒட்டாது; மலைப்பாதைதான் அன்று களிமண்ணும் சரளையுமாக இருந்திருக்கும். ஆனால் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற கதவில் நசுங்கலைத் தவிர ஒன்றுமில்லை. வெள்ளை பெயின்ட் அப்படியே இருந்தது. சேறெல்லாம் சக்கரத்துக்கு முன்னால், பம்பரின் உள்பக்கத்தில், பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது.

“முன்னாடி வாரி அடிச்சிருக்கு பாஸ். அப்படின்னா சக்கரம் பின்னாடி சுத்தியிருக்கு.” குண்டூசி நிமிர்ந்தாள். “ரிவர்ஸ்லயா மலை ஏறினார்? இது என்ன சர்க்கஸா?”

“சர்க்கஸ் இல்லம்மா. அவர் அப்படித்தான் ஏறுவார்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் பட்டறை வாசலில் எல்லோருக்கும் செய்து காட்டுவதை நான் வாயால் சொன்னேன். முன்சக்கரம் இழுக்கிற கார் நேராக மேடேறினால் எடை பின்பக்கம் சாய்ந்துவிடும். இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகி, நின்ற இடத்திலேயே சுற்றும். அதையே திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் எடை முழுக்க இழுக்கிற சக்கரத்தின் மேல் உட்காரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கார் ஏறிவிடும்.

“அப்போ மூக்கு கீழ பாத்து இருந்துது சரிதான்,” என்றாள் குண்டூசி. “ஆனா கார் ஏறிட்டிருந்துது.”

“ஏறிப் போய்ட்டு, அப்புறம் இறங்கியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“இறங்கியிருந்தா கதவுலயும் சேறு இருக்கணும். ஏறினதுக்கு அடையாளம் இருக்கும்மா. இறங்கினதுக்கு இல்ல. உங்க வீட்டுக்காரர் முகாமுக்குப் போய்ச் சேரவே இல்ல,” என்றார் துப்பறிவாளர்.

கொட்டகைத் தகரத்தில் ஏதோ பறவை நடக்கிற சத்தம் கேட்டது.

“பாவம், என் தம்பி,” என்றேன். “தூரத்துலேர்ந்து பாத்து ஏமாந்துட்டான்.”

துப்பறிவாளர் காருக்குள் கையை நீட்டிக் கியர் தண்டைத் தொட்டார். “ஏறும்போது விழுந்த கார் ரிவர்ஸ்ல இருக்கணும். முதல் கியர்ல இருந்திருக்கு.”

“விழுந்த அதிர்ச்சியில கார் தானே மாத்திக்கிச்சோ என்னவோ,” என்றாள் குண்டூசி. சொல்லி முடித்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. யாரோ பள்ளத்தில் இறங்கி, இந்தக் காருக்குள் கையை விட்டிருக்கிறார்கள். என் கணவர் உள்ளே இருக்கும்போது.

“இன்னொண்ணு சொல்லுங்க,” என்றார் துப்பறிவாளர். “பின்சீட்டக் கழட்டிட்டுக் கூரை முட்ட டயரும் பலகையும் ஜாக்கியும் வெச்சிருக்கார். திரும்பிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. எப்படி ரிவர்ஸ்ல ஏறுவார்?”

“ஒருத்தர் மேல நின்னு கை காட்டணும். விரிச்ச கை ஆடினா வரணும், சாஞ்சா அந்தப் பக்கம் திருப்பணும், முஷ்டியா மூடினா நிக்கணும். ஓட்டுறவங்க சைடு கண்ணாடியில அந்தக் கைய மட்டும் பாக்கணும், வேற எதையும் பாக்கக் கூடாது. ரிவர்ஸ்ல கண்ணு என்னுது இல்ல, உன்னுதுன்னு சொல்வார். கை காட்ட ஆள் வர்ற வரைக்கும் கீழயே ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பார்.”

“எவ்வளவு அவசரமா இருந்தாலும்?”

“பிரசவத்துக்கு ஒருத்தர ஏத்திட்டுப் போனப்பகூட நின்னார் சார்.”

“அப்போ அன்னைக்கு அங்க ஒரு கை இருந்திருக்கு,” என்றார்.

*

மதியம் தம்பி பட்டறையின் சோதனைக் காரை ஓட்டிக்கொண்டு மலையடிக்கு வந்தான். அதே மாதிரிக் கார், அதே உயரம், பின்னால் அதே சாமான்கள். துப்பறிவாளர் கேட்டபடி அவனே ஏற்றி வந்திருந்தான். இறங்கியதும் முதலில் என்னிடம்தான் வந்தான்.

“சாப்பிட்டியாக்கா?” தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் வைத்தான். என் கணவர் போன நாளிலிருந்து என்னைச் சாப்பிட வைப்பதும், பட்டறையைத் திறப்பதும், ராத்திரி வாசலில் படுப்பதும் அவன்தான். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தான்.

“உங்க மாமா இந்த மேட்டுல எப்படி ஏறுவார்?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“நேராத்தான் சார். காத்தக் குறைச்சு, ஒரே மூச்சா ஏறுவார்.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“அப்படியே ஏறிக் காட்டுங்க.”

அவன் ஏறினான். பாதி மேட்டில் முன்சக்கரங்கள் வெறுமனே சுற்றின. சரளைக்கல் பறந்தது. கார் பக்கவாட்டில் சறுக்கிப் பின்னால் வந்தது. மறுபடியும் ஏறினான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

“ஈரம் சார். பிடிக்க மாட்டேங்குது.”

“ஈரமா?” குண்டூசி செருப்புக்காலால் தரையை உதைத்தாள். புழுதி கிளம்பியது. “அண்ணே, அன்னைக்கு ராத்திரி பூரா மழை. அந்தச் சேத்துல உங்க மாமா நேரா ஏறினார்ங்கிறீங்க. இன்னைக்கு என் தொண்டையே காயுது, உங்களால முடியல. நீங்க கத்துக்கிட்டது அதே பட்டறையிலதானே?”

அவன் சிரிக்க முயன்றான். “நீங்க வேணா ஓட்டிப் பாருங்க மேடம்.”

“என் லைசென்ஸுக்கு இன்னும் பால்பல்லே விழலண்ணே.”

“ரிவர்ஸ்ல ஏத்துங்க,” என்றார் துப்பறிவாளர்.

அவர் மேட்டில் ஏறி வளைவுக்குப் போய்விட்டார். அங்கே பாதை திரும்பும். வெளிப்பக்கம் நேராகப் பள்ளம். பள்ளத்தை ஒட்டி நின்றுகொண்டு கையை விரித்து, “வாங்க!” என்றார்.

தம்பி காரைத் திருப்பினான். பின்பக்கம் மேட்டைப் பார்க்க, ரிவர்ஸ் போட்டான். இன்ஜின் உறுமியது. கார் அசையவில்லை. கண்ணாடியில் தெரிகிற கையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை பொறுமையாக, வா வா என்று ஆடியது. அவன் நெற்றியிலிருந்து வியர்வை கோடாக இறங்கியது.

“என்னண்ணே, வண்டிக்கு வெக்கமா?” என்றாள் குண்டூசி. ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

“சார் கை எனக்கு வேண்டாம்.”

“ஏன்?” அவர் மேலிருந்து கேட்டார். “கை காட்டினா வர்றதுதானே உங்க பட்டறை வழக்கம்?”

“வேண்டாம் சார். நீங்க வேணும்னே…” நிறுத்திக்கொண்டான்.

“வேணும்னே என்ன செய்வேன்?”

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு சாதாரணக் கேள்வி தம்பி,” என்றார் அவர். “மூக்கு கீழ பாத்து நிக்கிற காரப் பாத்தா, இறங்குதுன்னு யார் வேணா நினைக்கலாம். உங்க மாமாவத் தெரியாத யார் வேணா. நீங்க எப்படி நினைச்சீங்க?”

தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைத்தான் கூப்பிட்டான்.

“அக்கா. நீ வந்து நில்லு. நீ கை காட்டு, ஏத்துறேன்.”

அன்று இருந்த கை யாருடையது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரு கல்லின் மேல் சாயாமல் வைத்தேன். மேடேறி வளைவுக்குப் போனேன். துப்பறிவாளர் என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். ஆனால் என் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றார்.

கையை விரித்தேன். வா.

கார் வந்தது. எடை முன்சக்கரத்தில் உட்கார, கொஞ்சம்கூடச் சறுக்காமல், என் கணவர் சொன்னபடியே ஏறியது. வா. பின்சக்கரம் வளைவைத் தொட்டது. வா. நேராக வந்துகொண்டிருந்தது, திருப்பவில்லை, ஏனென்றால் என் கை திருப்பச் சொல்லவில்லை. எனக்கு இடப்பக்கம் பள்ளத்தின் விளிம்பில் புல் நசுங்கி, மண் பெயர்ந்த இடம் ஒன்று இருந்தது. புதுப்புல் இன்னும் முளைத்திருக்கவில்லை. டயருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. கண்ணாடியில் தம்பியின் கண்கள் தெரிந்தன. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. என்னை முழுக்க நம்பின. இப்படித்தான் அவரும் பார்த்திருப்பார். இந்தக் கண்ணாடியில், இந்த உயரத்தில், இப்படி ஆடுகிற ஒரு கையை.

கை இன்னும் கொஞ்சம் ஆடினால் போதும்.

முஷ்டியை மூடினேன்.

கார் நின்றது.

அவன் இறங்கினான். விளிம்பைப் பார்த்தான், என் மூடிய கையைப் பார்த்தான். அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டான்.

“நான் தள்ளலக்கா. சத்தியமாத் தள்ளல. கைய மூடல. அவ்வளவுதான்.”

யாரும் கேட்காமல் அவனே சொன்னான். முகாம் வேனை உயர்த்தும்போது, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஒரே இரும்புக் கட்டையாக வைக்க வேண்டிய இடத்தில், இரண்டு துண்டுகளை அடுக்கிப் பற்றவைத்துவிட்டான். அவசரத்தில் செய்தது. ஒட்டு விட்டால் அச்சு நழுவி, வேனில் இருக்கிற அத்தனை பேரும் போவார்கள். மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்று கீழே நின்று ஹாரன் அடித்தார். இவன் இறங்கி வந்தான். வேனை நிறுத்தப் போகிறேன், முகாமில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றார். இனி இவன் தனியாக எந்த வண்டியிலும் கை வைக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டு, இவன் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் காரில் ஏறி, “மேல போய்க் கை காட்டுடா மச்சான்” என்றார்.

“வேன் இப்ப எங்க?” என்று கேட்டார் துப்பறிவாளர், சட்டென்று. “அதுல ஆள் போறாங்களா?”

“பயமில்ல சார். மறுநாளே அந்த ரெண்டு துண்டையும் கழட்டிட்டேன். ஒரே கட்டையாப் போட்டுட்டேன்.” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “மாமா சொன்ன மாதிரியே.”

குண்டூசி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“கியரை நீதான் மாத்தினியா?” என்று கேட்டேன்.

தலையாட்டினான்.

“அப்போ அவருக்கு உயிர் இருந்துதா?”

ஒரு சரளைக்கல்லை எடுத்துக் கீழே போட்டான்.

“தலையைத் தடவிக்கிட்டே, கண்ணாடி எங்கடான்னு கேட்டார்க்கா.”

*

ஆய்வாளர் அறிக்கையைத் திருத்தி எழுதினார். ‘முறையற்ற மாற்றம்’ என்ற இடத்தில் கோடு போட்டு, காரில் செய்திருந்த வேலை எதிலும் குறையில்லை என்று சேர்த்தார். எனக்கு வேண்டியிருந்த வரி அது. அதைப் படித்தபோது பக்கத்து அறையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

“வீட்டுல விட்டுடட்டுமா?” என்றார் துப்பறிவாளர். “என் கார் உயரமா இருக்கும். ஏற முடியுமா?”

“யார் உயர்த்தினதுன்னு தெரியும் சார். ஏறிடுவேன். ஒரு நிமிஷம் இருங்க.”

கொட்டகைக்குப் போனேன். அன்று காலை அவர் கிளம்பியதிலிருந்து கேஜ் என் கைப்பையிலேயே இருந்தது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நாலு டயரில் மூன்று கிழிந்திருந்தன. இடது பக்க முன்டயர் மட்டும் முழுசாக இருந்தது. மண்டியிட்டு, வால்வு மூடியைத் திருகி எடுத்து, கேஜை அழுத்தினேன். முள் ஏறி நின்றது.

குண்டூசி பின்னால் வந்து நின்று, மெல்லக் கேட்டாள்: “எவ்வளவுக்கா?”

“பதினெட்டு,” என்றேன்.